பதினேழாம் பாடும் அறுபத்து நான்கு எழுத்தும்

16-10-2023, திங்கள்
பழவேற்காடு

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு எதிரானதையும் விடமாட்டேன். என் எண்ணை நீ கைபேசியில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். தபால்காரரைத் தடுக்க உன் கைபேசியில் வசதி இருக்காது என்று நம்புகிறேன்.

நேற்று சங்கக் கட்டடத்தில் பாடு எடுத்தார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று நம் குப்பத்தின் நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கும் சீட்டுக் குலுக்கி வரிசை போடுவது உனக்குத் தெரியாததல்ல. ஒன்றையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அதையும் எழுதுகிறேன். பாடு எழுதும் நோட்டு போன மழையில் ஊறிப்போனது. அதனால் இந்த வருடம் வரிசையைக் கணினியில் ஏற்றச் சொன்னார் தலைவர் தனசேகர். ஒவ்வொரு பெயரையும் சீட்டு எடுத்த உடனே நான் தட்டச்சு செய்தேன். கடைசியில் முழுப் பட்டியலையும் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சரி என்றார்கள்.

அப்போது உன் பெரியப்பா வேலு எழுந்தார். “நோட்டுல அடிச்சி எழுதினா தழும்பு நிக்கும். இதுல அடிச்சா இன்னா நிக்கும்?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. மிகச் சரியான கேள்வி அது.

தழும்பு நிற்கும்படி செய்யலாம் என்று சொன்னேன். சி மொழியில் மறைகுறி நூலகம் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஹாஷ் என்ற செயற்கூறு இருக்கிறது, முழுக் கோப்பையும் அதற்குள் செலுத்தினால் அறுபத்து நான்கு எழுத்து வெளியே வரும், ஒரு புள்ளி மாறினாலும் அந்த அறுபத்து நான்கும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்றேன். அந்த எழுத்துகளை யாரிடம் கொடுத்து வைப்பது என்று பேச்சு வந்தது. என் தோழிகளிடம் கொடுத்தால் நம்ப முடியாது என்றார் உன் பெரியப்பா. “என்கூடப் பேசாதவகிட்ட குடுக்கறேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் உன் பெரியப்பாவும் தலையாட்டினார்.

இது நீல இன்லண்டு கடிதம். தபால் முத்திரையும் எழுத்தும் ஒரே தாளில் இருக்கும், யாரும் உள்ளே தாளை மாற்ற முடியாது. நாற்பத்திரண்டு பெயரும் இதில் கொள்ளாது. அறுபத்து நான்கு எழுத்து கொள்ளும். பின்பக்கம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன்.

பழைய எம்டி5 உடைந்துபோன முறை என்று படித்ததால் ஷா-256 எடுத்தேன். நூலகத்தில் மூன்று படி: ‘இனிட்’ தொடங்குகிறது, ‘அப்டேட்’ தரவை வாங்கிக்கொள்கிறது, ‘ஃபைனல்’ விடையைத் தருகிறது. 1024 பைட் கொள்ளும் ஓரிடம் வைத்துக்கொண்டு கோப்பைப் பகுதி பகுதியாக அதில் படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தையும் 1024 என்ற எண்ணையும் ‘அப்டேட்’டுக்குக் கொடுத்தேன். கோப்பு சங்கத்துக் கணினியில், போன வருடம் நீயும் நானும் லினக்ஸ் போட்ட அதே கணினியில் இருக்கிறது. என் மடிக்கணினியில் இருந்த நகலை எல்லோர் முன்னாலும் அழித்துவிட்டேன். நான் எதையும் மாற்ற முடியாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இதைப் பத்திரமாக வைத்திருப்பாயா? பதில் எழுத வேண்டாம். எழுதினால் மகிழ்வேன்.

அமுதவல்லி

~

24-10-2023
காசிமேடு

அமுதவல்லிக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுத் தபால்காரரை எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

உன் நிரல் தப்பு. ஒவ்வொரு முறையும் 1024 என்று கொடுக்கிறாயே, கடைசி முறை அத்தனை பைட் இருக்குமா? ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்கள் கடைசிக் கூடையைப் பாதிதான் நிரப்புவார்கள். நீ அதை நிறைகூடை என்று கணக்குக் கொடுத்திருக்கிறாய். மீதி இடத்தில் இருப்பது முந்தின கூடையின் மிச்சம். அதையும் சேர்த்து ஹாஷ் போட்டிருக்கிறாய். ‘எஃப்ரீட்’ எத்தனை பைட் படித்தது என்று சொல்கிறதே, அந்த எண்ணைக் கொடு. எத்தனை கூடையாக அள்ளினாலும் விடை ஒன்றாகத்தான் வரும், மிச்சத்தைச் சேர்க்காத வரை. இப்போது நீ அனுப்பியிருப்பது உன் தப்பின் ஹாஷ். வேறு யாராவது சரியான நிரலில் போட்டால் வேறு விடை வரும்.

இருந்த ஒரே நகலை அழித்தவளை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றையும் விடமாட்டேன் என்றவள் உன் நைனாவுக்கு எந்த எண் வந்தது என்பதையும் விட்டுவிட்டாய்.

பிப்ரவரியை நான் மறக்கவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு நான் எழுதிக் கொடுத்த நிரலில் பாதி இணையத்தில் எடுத்தது என்று தெரிந்ததும், முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம். நேரே டீச்சரிடம் போனாய். மற்ற பிள்ளைகள் முன்னால் என் பெயரை அடித்தார்கள். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை. நிரல் தப்பாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

கஸ்தூரி

~

28-10-2023

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை முகம் சுட்டது. இரண்டாம் முறை நிரலைத் திருத்தினேன். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் நீ எனக்கு எழுதியிருக்கிறாய் என்பதற்காகப் படித்தேன்.

கோப்பின் அளவு 1318 பைட். இரண்டாம் கூடையில் இருந்தது 294 தான். மீதி 730 பைட் நீ சொன்ன மிச்சம். திருத்தியபின் லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் கட்டளையைக் கொண்டும் சரிபார்த்தேன், இரண்டும் ஒன்றாக வந்தன. கணக்கிடும் முன் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாடு எடுத்த அன்றே அச்செடுத்துச் சுவரில் ஒட்டிய காகிதத்தையும் கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். சரியான அறுபத்து நான்கு எழுத்தும் பின்பக்கம் இருக்கிறது. 9f40 என்று தொடங்கும். முதல் கடிதத்தில் உள்ளது தவறு என்று ஊரிலும் சொல்லிவிட்டேன். உன் பெரியப்பா, “தப்ப ஒத்துக்கற பொண்ணு” என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

பிப்ரவரியைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இன்லண்டில் இடம் முடிகிறது.

உன் நன்றியுள்ள
அமுதவல்லி

~

18-12-2023, திங்கள்

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புயலில் எங்கள் கூரை தப்பியது. சங்கக் கட்டடத்தின் சன்னல் பெயர்ந்து மழை உள்ளே அடித்தது. கணினியைத் தலைவர் முன்பே மேசைமேல் ஏற்றி மூடி வைத்திருந்தார். சுவரில் ஒட்டிய பட்டியல் மட்டும் கூழாகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, மகளிர் குழுவுக்குத் தட்டச்சு செய்யும் ருக்கு அக்கா மறுபடி அச்செடுத்து ஒட்டினார்.

அதைப் பார்த்ததும் சண்டை வந்தது. பதினேழாவது என் நைனா, பதினெட்டாவது உன் பெரியப்பா என்று பட்டியல் சொல்கிறது. பதினேழு தனக்கு வந்தது என்கிறார் உன் பெரியப்பா. வருகிற மார்கழி அமாவாசை, ஜனவரி பதினொன்று, பதினேழாம் பாட்டில் வந்து விழுகிறது. புயலுக்குப் பின் முகத்துவாரம் அகலமாகத் திறந்திருக்கிறது. அந்த நீரோட்டத்தில் இறால் எப்படி ஏறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். பழைய காகிதத்தைச் சின்னதம்பி அண்ணன் கைபேசியில் படம் எடுத்திருந்தார். அந்த இரண்டு வரிமேல் மட்டும் குழல்விளக்கின் வெளிச்சம் விழுந்து வெள்ளையாக இருக்கிறது.

“தட்டினது அவன் பொண்ணு. அவனுக்கு எது வேணுமோ அது வந்துகீது” என்று உன் பெரியப்பா எல்லோர் நடுவிலும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பட்டியல் திருத்தப்பட்டது என்று முடிவானால் ஒரு வருடத்துக்கு எங்களுக்குப் பாடு கிடையாது. பதினேழு மட்டுமல்ல, ஒரு நாளும் கிடையாது. நைனா வீட்டுக்கு வந்து, கிழியாத வலையை எடுத்து வைத்துக்கொண்டு கிழிசல் தேடினார்.

என் அக்டோபர் 28 கடிதம் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்புவாயா? எதிர்ப்பக்கம் இருப்பது உன் சொந்தப் பெரியப்பா. நீ அனுப்பாவிட்டாலும் உன்னைத் தவறாக நினைக்கமாட்டேன். இந்தக் கடைசி வரி முழு உண்மையா என்று தெரியவில்லை. ஆனால் அப்படி இருக்க முயல்வேன்.

அமுதா

~

23-12-2023
காசிமேடு

அமுதவல்லிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே பெரியப்பா போன் செய்தார். அந்த நீலக் காகிதத்தைக் கிழித்துப் போடு என்றார். நம் குடும்பத்துப் பாட்டை அடுத்தவனுக்குக் கொடுக்காதே என்றார். இங்கே வந்து சேர்ந்தபோது எனக்குப் பள்ளியில் இடம் வாங்க மூன்று நாள் கூடவே அலைந்தவர் அவர். போனை வைத்த பிறகு காகிதத்தைக் கையில் எடுத்தேன். இரண்டாக மடித்தேன். கிழிக்கவில்லை.

உனக்காக என்று நினைக்காதே. பிப்ரவரியில் என்னைப் பொய்க்காரி என்றார்கள். இதைக் கிழித்தால் அது உண்மையாகிவிடும்.

கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. உன் கைக்கு வந்தால் மறுபடி அதையே சொல்வார்கள். பதிவுத் தபாலில் தலைவர் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அவரே பிரிக்கட்டும். பெரியப்பாவிடமும் போன் செய்து அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டார்.

நீ மாற்றியிருக்கமாட்டாய். உன்னால் முடியாது. அந்த விஷயத்தில் உன்னைப் போல எரிச்சலூட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

கஸ்தூரி

~

1-1-2024

அன்புள்ள கஸ்தூரிக்கு,

பொருந்தவில்லை.

நேற்று மாலை நான்கு மணிக்குக் கூடினார்கள். தலைவர் உன் பதிவுத் தபாலைப் பிரித்தார். பழவேற்காட்டுத் தபால் முத்திரையைச் சுற்றி எல்லோருக்கும் காட்டினார். நான் நிரலை ஓட்டினேன். 9f40 என்று தொடங்க வேண்டும். c71e என்று தொடங்கியது. மறுபடி ஓட்டினேன். நிரலைப் பதினோரு முறை படித்தேன், கடைசிக் கூடை சரியாகத்தான் இருக்கிறது. லினக்ஸ் கட்டளையும் c71e என்கிறது. அப்படியானால் கோப்பு மாறியிருக்கிறது, கஸ்தூரி. ஒரு எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும் என்று சொன்னது நான்தான். தெரிந்துவிட்டது.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. நாற்பத்திரண்டு பெயர், நாற்பத்திரண்டு எண். ஆனால் ‘அப்படியே’ என்பதற்குச் சாட்சி என் நினைவு மட்டும்தான்.

நைனா எழுந்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் கூட்டத்தில் பேசிக் கேட்டதில்லை. “எம் பொண்ணு கைய வச்சிருந்தா, ஒரு வருசம் இன்னா, நானே பாட்ட வுட்டுட்டுப் போறேன். ஆனா அவ வைக்கல” என்றார். உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார். வருகிற ஞாயிறு முடிவு.

நேற்றிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹாஷ் யாரையும் நல்லவர் கெட்டவர் என்று சொல்லாது. மாறியதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் மாற்றியது, ஏன் என்று அது கேட்காது. நான் உன் விஷயத்தில் அப்படித்தான் இருந்தேன். நிரல் நம்முடையதல்ல என்று தெரிந்தது, போய்ச் சொன்னேன். உன்னிடம் ஏன் என்று கேட்கவே இல்லை. இதை உதவி வேண்டி எழுதவில்லை. உதவி வேண்டியும் எழுதுகிறேன். இரண்டும் உண்மை.

அமுதா

~

3-1-2024
காசிமேடு

அமுதா,

அழுதது போதும். கோப்பின் அளவைப் பார்த்தாயா? அக்டோபரில் 1318 பைட் என்று நீயே எழுதியிருக்கிறாய். அனுப்புமுன் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து வைத்தேன். நகல் எடுப்பது என்று ஒரு பழக்கம் உலகத்தில் இருக்கிறது.

உன் நைனா பெயரையும் பெரியப்பா பெயரையும் இடம் மாற்றியிருந்தால் ஹாஷ் மாறும், அளவு மாறாது. அதே எழுத்துகள்தானே, இடம்தான் வேறு. அளவு 1318 ஆகவே இருந்தால் உனக்குச் சிக்கல். இல்லாவிட்டால் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள் அல்லது எடுத்திருக்கிறார்கள்.

இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டு, தடையை எடுத்து உனக்கே போன் செய்யலாம் என்று நினைத்தேன். வேண்டாம். தபாலில் இருப்பது தேதியோடு இருக்கட்டும். ருக்கு அக்காவுக்குப் போன் செய்து கணினியில் அளவு பார்க்கச் சொன்னேன். 1365.

நாற்பத்தேழு பைட் கூடியிருக்கிறது. தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. பதினைந்து குறிக்கு நாற்பத்தைந்து. மீதி இரண்டில் ஒன்று இடைவெளி, ஒன்று வரி முடிவு. இரண்டு சொல் உள்ள ஒரு முழு வரி அது. நீ தட்டாத ஒரு வரி உன் கண்ணெதிரே இருக்கிறது. பெயர்களை விடு. பெயர் அல்லாததைத் தேடு.

ஏன் என்று கேட்டாய். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நிரலை முடிக்க எனக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. சொல்லியிருந்தால் நீயே மீதியை எழுதியிருப்பாய் என்று எனக்கும் தெரியும். சொல்லவில்லை.

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

கஸ்தூரி

~

7-1-2024, ஞாயிறு
சங்கக் கட்டடம், மாலை

அன்புள்ள கஸ்தூரிக்கு,

கூட்டம் முடிந்து எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மறப்பதற்கு முன் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. கோப்பைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்பதால் இன்றுவரை காத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் திறந்தேன். நீ சொன்னபடி பெயர் அல்லாததைத் தேடினேன். தேட வேண்டியே இருக்கவில்லை, கஸ்தூரி. முதல் வரி. ‘எல்லையம்மன் துணை’.

கல்யாணப் பத்திரிகையில், படகின் முன்பக்கத்தில், சங்கத்து நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. போன ஞாயிறு பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? அதையும் பார்த்தேன். ஒரு தாள் என்றால் அது இருக்கும். ஆனால் அக்டோபரில் நான் அதைத் தட்டச்சு செய்யவில்லை. கோப்பில் எண்ணும் பெயரும்தான் இருக்க வேண்டும் என்று பாடநூல் ஒழுங்கில் நினைத்து, அச்செடுத்த காகிதத்தின் தலைப்பில் பேனாவால் எழுதினேன்.

குறிகளை உரக்க எண்ணினேன். பதினைந்து. ஓர் இடைவெளி, ஒரு வரி முடிவு. நாற்பத்தேழு. “இந்த வரிய நான் போடல. யாரு போட்டீங்க?” என்று கேட்டேன். ருக்கு அக்கா உன் பெரியப்பாவைப் பார்த்தார்.

அவர் மறைக்கவில்லை. “நாந்தான் போடச் சொன்னேன். அம்மன் பேரு இல்லாத பட்டியல செவுத்துல ஒட்டுவாங்களா? அது மாத்தறதுல சேருமா?” என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். கூட்டத்தில் ஒருவரும் அவரைக் குற்றமாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கணினிக்கு மட்டும்தான் அது மாற்றம்.

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. அம்மன் பெயரை அழி என்று தலைவரும் சொல்லவில்லை. விசைமேல் விரல் வைக்க ருக்கு அக்கா மறுத்துவிட்டார். யோசித்துவிட்டு, கோப்பைத் தொடாமல் நிரலைத் திறந்தேன். படிக்கத் தொடங்கும் முன் ‘எஃப்சீக்’கால் நாற்பத்தேழு பைட் தள்ளிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். “அம்மன அழிக்கல. கும்பிட்டுட்டு அடுத்த வரியில ஆரம்பிக்குது” என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். உன் பெரியப்பா சிரிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து நின்றார்.

ஓட்டினேன்.

தலைவர் உன் நீலக் காகிதத்தை ருக்கு அக்காவிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, உன் பெரியப்பா திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தார். ஆங்கில எழுத்து வரும்போது விரலை நிறுத்தி என்னைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த விமல் அண்ணனைப் பார்த்தார். எண் வரும்போது தானே சொன்னார். ஒன்பது. நான்கு. சைபர். அறுபத்து நான்கும் பொருந்தின. கடைசி எழுத்தில் விரலை எடுத்துக்கொண்டு, “போன வருசந்தான் எனக்குப் பதினேழு. அதுதான் மனசுல நின்னுகிச்சி” என்றார். நைனாவிடம் போய் நின்றார். “பூபதி, உம் பொண்ண சொன்னது தப்பு” என்றார். நைனா, “பெரிய வார்த்தடா அது வேலு” என்றார். பிறகு, “வுடு” என்றார்.

பதினொன்றாம் தேதிப் பாடு எங்களுடையது. தலைவர் அறிவித்துவிட்டார்.

அம்மன் வரி கோப்பிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அதையும் சேர்த்துப் புது ஹாஷ் போட்டு ஐந்து பேர் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். நகல் மூன்று எடுத்திருக்கிறேன். நீ திட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கடைசிக் கூடையைத் திருத்தியதற்கு நன்றி. அது இல்லாவிட்டால் வேறு யார் நிரலில் போட்டாலும் பொருந்தியிருக்காது. அளவைக் கேட்டதற்கு நன்றி. மடித்ததோடு நிறுத்தியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் டீச்சரிடம் சொன்னது உண்மைதான். உன்னிடம் வராமல் போனது தவறு. நாளை டீச்சரிடம் போய் இந்த இரண்டாவதையும் சொல்வேன். நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். இந்த முறை முதலில் உன்னைக் கேட்கிறேன்.

உன் பெரியப்பா பூட்டும் சாவியுமாக வாசலில் நிற்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன்.  தான் சொல்வதையும் இதில் எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “பெரியப்பா கிழிக்கச் சொன்னாரு, நீ கிழிக்கல. நல்லதாப் போச்சி. அதுக்கு நன்றினு எழுது. பொங்கலுக்கு அம்மாவ இட்டுகினு வான்னும் எழுது.”

எழுதிவிட்டேன் என்று சொன்னதும் விளக்கை அணைத்துவிட்டார்.